இரண்டு சதிகளும் ஏழு மாத இடைவெளியும்

அன்புள்ள மகளுக்கு,

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தைப் பார்க்க உட்கார்ந்து, யார் யாருக்குப் பகை என்பதே பிடிபடாமல் அரைமணி நேரத்தில் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். குற்றம் உன்னுடையது அன்று. முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-இலும் அடுத்தது 2023 ஏப்ரல் 28-இலும் வெளிவந்தபோது, கல்கியின் மூல நாவலின் ஐந்து பாகங்களையும் படித்தவன் என்ற இறுமாப்போடு போன நானே திரையரங்கில் திணறினேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவும் நானும் இரண்டையும் ஒரே நாளில், ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் பார்த்த பிறகுதான் சிக்கல் எங்கே என்று விளங்கிற்று.

கதையில் உள்ள சதி ஒன்றல்ல, இரண்டு. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடும் சிற்றரசர்கள், பெரிய பழுவேட்டரையர் தலைமையில், சோழ மன்னரின் மகன்களை ஒதுக்கிவிட்டு அவருடைய பெரியப்பா மகன் மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டத் திட்டமிடுகிறார்கள். பாண்டிய விசுவாசிகளான ரவிதாசன் கூட்டத்துக்கோ சோழப் பட்டம் யாருக்கு என்பதைப் பற்றிக் கவலையில்லை. தம் மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கொய்ததற்கு ஈடாக, சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் உயிர் வேண்டும். முதல் கூட்டத்தின் ஆரவாரத்துக்குள் இரண்டாவது கூட்டம் மறைந்துகொள்கிறது. தம் அரண்மனைக்குள்ளேயே அது வளர்வது பழுவேட்டரையருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்பவள் அவருடைய இளம் மனைவி நந்தினி. ஆகவே, இந்தக் கதையில் எவருக்கு எது தெரியும், எவர் எதை அறியாமல் பேசுகிறார் என்ற கணக்குத்தான் உயிர். அந்தக் கணக்கைத்தான் ஏழு மாத இடைவெளி நம் மனத்திலிருந்து துடைத்துவிடுகிறது.

முதல் பாகத்தைக் கடலில் மூழ்கும் கப்பலோடு முடித்ததைப் பலர் மெச்சினார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அதில் இருந்த கரிகாலனின் தம்பி அருள்மொழி பிழைப்பாரா என்று நாம் ஏன் பதற வேண்டும், பின்னாளில் ராஜராஜனாகி அவர் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில்தான் கண்ணெதிரே நிற்கிறதே! அவரைக் காப்பாற்றக் கடலில் இறங்கும் முதியவளுக்கு நந்தினியின் முகம் எப்படி வந்தது என்பதே நம்மோடு வீட்டுக்கு வரும் கேள்வி.

கரிகாலன் கொலையுண்டது கல்லிலேயே இருப்பதால் அதை உன்னிடம் மறைப்பதில் பயனில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று, 985-இல் அரசேறிய ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினர்களின் உடைமைகள் வரை பறிமுதல் செய்யப்பட்டதை அது சொல்கிறது. ஏவியவர் எவர் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனத்திலிருந்துதான் இத்தனை ஊகங்களும் முளைத்தன. கல்கியும் குத்திய கை எது என்பதை இருட்டிலேயே விட்டார். படம் அந்த இருட்டைக் கொஞ்சம் அவசரமாக விலக்கிவிடுகிறது என்பது என் குறை. எப்படி என்பதை நீயே பார்த்துக்கொள்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பொழுதில்லையென்றால், முதல் பாகத்தில் கடம்பூர் இரவையும் கடைசி அரைமணி நேரத்தையும் மட்டுமாவது மறுபடி பார்த்துவிட்டு இரண்டாம் பாகத்தைத் தொடங்கு. முடித்ததும் உடனே எழுது. பெரிய பழுவேட்டரையரை மன்னிக்கலாம் என்கிறாள் உன் அம்மா. நான் முடியாது என்கிறேன். மூன்று நாளாக வீட்டில் இதே வழக்கு.

அன்புடன்,
அப்பா