முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் இருக்கும் அந்தப் பாட்டிக்கு இன்னொரு தலையணை எடுத்துவரக் கிளம்பியபோது, ‘டோன்ட் புட் யுவர்செல்ஃப் அவுட்’ என்றாராம். வெளியே போகச் சொல்கிறார் என்று நினைத்து நீ அழுதுகொண்டே வந்துவிட்டாயாம். அவர் சொன்னது அதுவல்ல அம்மா. ‘எனக்காகச் சிரமப்படாதே’ என்றிருக்கிறார். பிரியமாகச் சொன்ன சொல் அது.

இதில் என் குறையும் இருக்கிறது. கட், ஹிட், ஷட் போல ‘புட்’ என்ற ஆங்கில வினைக்கும் இறந்தகாலத்தில் வடிவம் மாறாது என்று உன்னை உருப்போட வைத்தேன். அதன் பின்னால் வரும் குட்டிச் சொற்களைச் சொல்லித்தரவே இல்லை.

நம் ‘போடு’வை எடுத்துக்கொள். சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், ஆடு குட்டி போடுகிறது. முன்னால் நிற்கும் சொல்தான் பொருளைத் தருகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் பின்னால் வருவது செய்யும். ‘புட் ஆன்’ என்றால் உடுத்துவது, ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. ‘புட் அவுட்’ விளக்கை அணைப்பதற்கும் வரும், மனம் கோணுவதற்கும் வரும். நீ பேசாமல் போனதில் பாட்டிதான் ‘புட் அவுட்’ ஆகியிருப்பார்.

‘புட் டவுன்’ வந்தால் மிகக் கவனமாக இரு. போனைக் கீழே வைப்பதும் அதுதான், ஒருவரை மட்டம் தட்டுவதும் அதுதான். ஆனால் யாராவது தங்கள் நாயை ‘புட் டவுன்’ செய்ததாகச் சொன்னால், நோயில் தவித்த அதை டாக்டர் ஊசி போட்டு நிம்மதியாகப் போகவிட்டார் என்று பொருள். அப்போது சிரித்துவிடாதே, அவர்கள் கையைப் பிடித்துக்கொள்.

அந்தக் குட்டிச் சொல் எப்போதும் ஒட்டியே வராது. ‘புட் தி லைட் அவுட்’ என்பார்கள். ‘புட் ஆஃப்’ போன்றவற்றில் ‘இட்’ வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஆஃப்’. அதனால் வாக்கியம் முடியும்வரை காது கொடு.

நாளை பாட்டிக்குத் தலையணையைக் கொண்டுபோய்க் கொடு. மறுபடி அதையே சொன்னால், ‘இட்ஸ் நோ டிரபிள்’, அதாவது ‘இதில் ஒரு சிரமமும் இல்லை’ என்று சொல்.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வெயிலில் வைத்திருக்கிறாள். நன்றாக ஊறியதும் அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா