ஊற்றக்கூடாத பாலுக்கு யார் பணம் தருவது?

கால்நடை பராமரிப்புத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கடந்த நவம்பரில், ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி கொடுத்தால் கிருமிகள் அதற்கு அடங்காமல் போகும் என்று எச்சரிக்கும் விழிப்புணர்வு வாரத்தில், எங்கள் பால் சங்கத்துக்கு ஓர் அதிகாரி வந்து பேசினார். நன்றாகவே பேசினார். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலைச் சங்கத்தில் ஊற்றாதீர்கள் என்றார். பின்னாலிருந்து ஓர் அம்மா எழுந்து, "ஊத்தலைன்னா அந்த வாரம் தீவனத்துக்கு யாருங்க காசு குடுப்பாங்க?" என்று கேட்டார். அவருக்குக் கையில் துண்டறிக்கைதான் கிடைத்தது. அந்தக் கேள்விக்குப் பதில் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

மடிநோய் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தொழுவத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். விடிகாலையில் கறக்க உட்கார்ந்தால் மடியின் ஒரு பக்கம் கல் மாதிரி இறுகியிருக்கும். தொட்டால் மாடு உதைக்கும். பீய்ச்சினால் பால் திரிதிரியாக, சில நேரம் ரத்தம் கலந்து வரும். மருத்துவர் வர மத்தியானம் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். மருந்துக்கடையில் சீட்டுக் கேட்பதில்லை. காம்புக்குள் ஏற்றும் ட்யூபும் ஊசி மருந்தும் உடனே கிடைக்கும். வீக்கம் வடிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுபவர்களே அதிகம். மற்ற மூன்று காம்பிலும் பால் வெள்ளையாகத்தான் வரும். அதை வாய்க்காலில் கொட்ட எந்த வீட்டுக்கு மனசு வரும்?

சங்கத்தில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) பார்த்துப் பணம் போடுகிறார்கள். பாலில் மருந்து இருக்கிறதா என்று அங்கே பார்ப்பதில்லை. அது அடுப்படியில்தான் தெரியவரும். சிகிச்சையில் இருக்கும் மாட்டின் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினால் பல நேரம் விடிந்த பிறகும் தயிர் தோயாது. உறைமோரில் உள்ள நுண்ணுயிர்களையே அடக்கும் அளவுக்கு அதில் மருந்து இருக்கிறது. காய்ச்சினாலும் முழுதாகப் போவதில்லை. அந்தப் பால்தான் கேனில் கலந்து ஊர் ஊராகப் போகிறது.

விதி இல்லாமல் இல்லை. எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருந்தின் மேலேயே அச்சிட வேண்டும், அந்தக் காலம் உறுதிசெய்யப்படாத மருந்தானால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012லேயே விதி வந்துவிட்டது. ஒரு மாடு வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு 7 நாள் என்றால் ஒரு வாரச் சம்பளம் மொத்தமும் போச்சு. அந்த இழப்பை அவர்கள் தலையில் போட்டுவிட்டு, பாலைக் கொட்டு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

நான் கேட்பது ஒன்றுதான். விலக்கு நாட்களின் பாலுக்கு ஈட்டுத்தொகை கொடுங்கள். கால்நடை மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் பணம் என்று நிபந்தனை வையுங்கள். அப்புறம் பாருங்கள், கடைக்காரர் கேட்காவிட்டாலும் நாங்களே சீட்டுக் கேட்டு வாங்குவோம். எந்த ஊரில் எந்த மருந்து எவ்வளவு போகிறது என்ற கணக்கும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

தடை போடுவதில் நீங்கள் குறை வைக்கவில்லை. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்கும் தீவனத்துக்கும் தரக்கூடாது என்று 2019இல் மத்திய அரசு தடுத்தது, நல்ல முடிவு. மனிதர்களுக்கான மருந்திலும் 2014 முதல் எச்1 அட்டவணை, அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத, விற்றால் பதிவு செய்ய வேண்டிய மருந்துகளின் பட்டியல், நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கை விற்றால் நோயாளி பெயரும் மருத்துவர் பெயரும் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் சளி என்று சொன்னாலே அதே மாத்திரையைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பதிவேட்டை யார் போய்ப் புரட்டிப் பார்க்கிறீர்கள்? கடையைக் கேட்காமல் ஒற்றை மாட்டுக்காரரிடம் மட்டும் பொறுப்பைப் பற்றிப் பேசுவது எனக்கு வலிக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மடிநோய் தொடங்கும்போதே கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையை தேசிய பால்வள வாரியமே பரிந்துரைக்கிறது. அதைச் சொல்லித்தர ஆள் அனுப்புங்கள். சங்கங்களுக்கு மருந்து எச்சம் பார்க்கும் பட்டைகளையும் கொடுங்கள். ஆனால் ஈட்டுத்தொகை இல்லாமல் பட்டையை மட்டும் கொடுத்தால், அந்தப் பால் சங்கத்தை விட்டுத் தனியார் வண்டிக்குப் போகும், அவ்வளவுதான்.

மாநிலம் முழுவதும் உடனே முடியாது என்பது புரிகிறது. ஒரே ஒரு ஒன்றியத்தில், ஓர் ஆண்டுக்கு, விலக்கு நாட்களின் பாலுக்குப் பணம் கொடுத்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்,
நாமக்கல் மாவட்டம்