பேங்க் வருவாய்னு போடுறீங்களே, எந்த வருவாய்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வணிகப் பக்கத்துல உலகத்தோட பெரிய பேங்குகளை வரிசைப்படுத்திப் போட்டிருந்த அட்டவணைய பார்த்தேன். "வருவாய்"னு ஒரே தலைப்பு, கீழ நம்பரா அடுக்கியிருக்கு, வட்டிச் செலவ கழிக்கிறதுக்கு முந்தியதா கழிச்ச பிறகான்னு ஒரு வரி கூட இல்ல. சோப்பு கம்பெனிக்குன்னா விட்டுரலாம், பேங்குக்கு இத சொல்லலன்னா அட்டவணையே வேஸ்ட் சார்.

அமெரிக்க பேங்க் ஜேபி மார்கன் சேஸையே எடுத்துக்கோங்க. 2023ல அவங்களுக்கு வந்த வட்டி, கூட ஃபீஸ், கமிஷன், டிரேடிங் எல்லாம் சேர்த்தா 23,942 கோடி டாலர், ஃபார்ச்சூன் பத்திரிகை போடுற பெரிய கம்பெனிகள் பட்டியல்ல வர்றது இந்த நம்பர்தான். ஆனா அதுல 8,132 கோடி டெபாசிட் போட்டவங்களுக்கும் பேங்குக்கே கடன் கொடுத்தவங்களுக்கும் வட்டியா போயிருச்சு, அத கழிச்சிட்டு ஆண்டறிக்கையில மொத்த நிகர வருவாய்னு அவங்க காட்டுறது 15,810 கோடி. இதுபோக, வரிச்சலுகை உள்ள வரவுக்கு முழுசா வரி இருந்திருந்தா எவ்ளோன்னு ஏத்திக் கணக்குப் போட்டு சுமார் 16,240 கோடின்னு இன்னொண்ணும் அவங்களே சொல்றாங்க. ஒரே பேங்க், ஒரே வருஷம், மூணு நம்பர், எதுவும் பொய் கிடையாது.

வளர்ச்சின்னு பார்த்தா இன்னும் கூத்து. 2021ல வட்டி விகிதம் கிட்டத்தட்ட பூஜ்யம், அவங்க கட்டின வட்டி வெறும் 555 கோடி, அதனால கழிக்காத கணக்கு 12,720 கோடி, கழிச்ச கணக்கு 12,165 கோடி, பெரிய வித்தியாசமே இல்ல. அப்புறம் அமெரிக்க மத்திய வங்கி வட்டிய 5 சதவீதத்துக்கு மேல தூக்கிருச்சு, கடன்ல வர்ற வட்டியும் ஏறுது டெபாசிட்டுக்கு குடுக்குறதும் ஏறுது, ரெண்டே வருஷத்துல கழிக்காத வருவாய் 88 சதவீதம் கூடிருச்சு, கழிச்ச வருவாய் கூடினது 30 சதவீதம்தான் (அதுலயும் 2023 மே மாசம் வாங்கிப் போட்ட ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் பேங்க்கோட பங்கு இருக்கு). மொத நம்பர வச்சு "வருவாய் இரட்டிப்பை நெருங்கியது"ன்னு தலைப்பு போட்டா படிக்கிறவன் என்ன நினைப்பான்?

மத்த கம்பெனிக்கு கொள்முதல கழிக்காமத்தானே விற்பனைய போடுறோம்னு கேப்பீங்க, நியாயம்தான், ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி போடணும்ல. இந்திய பேங்குகள் ரிசல்ட்ல "மொத்த வருமானம்"னு போடுறது வட்டிச் செலவ கழிக்காதது, ஹெச்எஸ்பிசி "ரெவன்யூ"ன்னு சொல்றது வட்டிய கழிச்சு, வாராக்கடனுக்கான ஒதுக்கீட்ட கழிக்கிறதுக்கு முன்னாடி உள்ளது, இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யார் பெருசுன்னு எப்படி சொல்றது? லாப விகிதமும் இதுல மாட்டிக்கும், லாபத்த வருவாயால வகுக்குறதுதானே அது, வகுக்குற நம்பர் பெருசானா விகிதம் தானா கொறஞ்சுரும். இது போக நிதியாண்டு வேற, ஜப்பான்ல மார்ச்ல முடியுது, கனடாவுல பெரிய பேங்குகளுக்கு அக்டோபர்.

பெரிய ஆராய்ச்சியெல்லாம் கேக்கல சார். அட்டவணையில நிகர வட்டி வருமானம் (வந்த வட்டியில கட்டின வட்டி போக மிச்சம்) ஒரு பத்தி, வட்டி சாராத வருமானம் ஒரு பத்தி, எந்த தேதியோட முடியுற வருஷம்னு அடியில ஒரு குறிப்பு, அவ்ளோதான். இடம் பத்தலன்னா ரேங்க் போடுற பத்திய எடுத்துருங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்