வேடிக்கை பார்த்துப் பெற்ற பட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் இலங்கை மலையகத்தின் உயர்கல்வி பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவான பிள்ளைகளை மனமாரப் பாராட்டிய கட்டுரையாளர், "தலவாக்கலைப் பக்கத்துப் பெண்ணொருவர் சீமையில் சில்லுப் பலகை ஓட்டும் பையன்களை வேடிக்கை பார்த்தே கலாநிதியாகி, இப்போது அலங்காரக் கலை விரிவுரையாளராக இருக்கிறார்" என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் நான்தான்; சில்லுப் பலகை என்று அவர் சொன்னது ஸ்கேட்போர்டை. வேடிக்கை பார்த்ததை மறுக்கவில்லை. மூன்று குளிர்காலங்கள், விரல் விறைக்க விறைக்கக் குறிப்பெடுத்தபடி பார்த்தேன்.

பார்த்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், 1967இல் திறக்கப்பட்ட குவீன் எலிசபெத் அரங்கின் அடியில் கொங்கிரீட் சரிவுகளும் தூண்களும் இருக்கின்றன. ஸ்கேட்போர்ட் ஓட்டுவதற்கென்று அவற்றை யாரும் கட்டவில்லை. ஆனாலும் எழுபதுகளிலிருந்து பிள்ளைகள் அங்கே ஓட்டிவந்தார்கள். 2013இல் அவ்விடத்தைக் கடைகளாக்கும் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்று, 2014இல் அங்கேயே தொடர்ந்து இருப்பதற்கான உடன்பாட்டைப் பெற்றார்கள். அதே ஆண்டில், கிழக்கு லண்டனின் ஹோர்ன்சேர்ச்சில் 1978இல் கட்டப்பட்ட ரோம் (Rom) என்ற ஸ்கேட்போர்ட் திடல், பழைய மாளிகைகளும் தேவாலயங்களும் இடம்பெறும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பேர்ன்சைட் பாலத்தின் கீழ் 1990இல் எவரிடமும் அனுமதி கேளாமல் இளைஞர்கள் தாமே சீமெந்து குழைத்துக் கட்டத் தொடங்கிய திடலை, நகர நிர்வாகம் பின்னர் ஏற்றுக்கொண்டது. எந்த வளைவு உடலைத் தாங்கிக்கொள்கிறது, எந்த விளிம்பு முதலில் தேய்கிறது, புதிதாக வந்தவன் தன் முறைக்காக எங்கே ஒதுங்கி நிற்கிறான், பெண்பிள்ளைகள் எந்த நேரம் பார்த்து வருகிறார்கள் என்பவையே என் ஆய்வின் கேள்விகள். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் இயன் போர்டன் இத்துறையில் 2001இலேயே முழு நூல் எழுதிவிட்டார் என்பதும், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நிஷியா மொமிஜி என்ற 13 வயதுச் சிறுமி இதே விளையாட்டில் தங்கம் வென்றார் என்பதும் தங்கள் ஆசிரியர் பீடம் அறியாதவையல்ல.

ஆனால் அந்தக் கேள்விகள் முளைத்தது எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில். கொழுந்து நிறுத்து லொறி போன பிறகு, மடுவத்தின் முன்னாலிருந்த சீமெந்துச் சரிவுதான் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே வழவழப்பான தரை. கராஜில் கழித்துப் போட்ட பேரிங்குகளைப் பலகையில் பூட்டி, காவற்காரர் கம்போடு வரும்வரை அதில் உருண்டு விழுவார்கள். பெண்பிள்ளை என்பதால் எனக்கு வண்டியைத் தள்ளும் வேலைதான் கிடைத்தது. தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கலிபோர்னியாப் பிள்ளைகளும் ஒரு காலத்தில் உருளைச் சப்பாத்தின் சில்லுகளைக் கழற்றிப் பலகையில் பூட்டித்தான் இதைத் தொடங்கினார்கள் என்று பின்னாளில் படித்தபோது சிரித்துவிட்டேன். அவர்களுக்கு எழுபதுகளில் பொலியூரதேன் சில்லு வந்து சேர்ந்தது. எங்களுக்குக் கடைசிவரை பேரிங்தான்.

ஏளனம் எனக்குப் புதிதன்று. உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தபோது, "படம் கீறிச் சோறு தின்னலாமா?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஓர் ஆசிரியர் கேட்டார். வடிவமைப்புப் பட்டம் முடித்து முதலாவது விரிவுரையாளர் நேர்முகத்துக்குப் போனபோது, குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் என் ஆய்வு முன்மொழிவைப் புரட்டிவிட்டு, "அடுத்தது கிட்டிப்புள்ளா?" என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், தோட்டத்துப் பிள்ளைகள் உண்மையில் எங்கே விளையாடுகிறார்கள் என்பது பற்றி, மடுவத்தையும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தையும், கோவில் முற்றத்தையும் அளந்து, வரைபடங்களோடு தங்கள் பத்திரிகைக்கே ஒரு கட்டுரை அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. அதன் பின் ஒருமுறை என் பெயரின் முன்னெழுத்தை மாற்றியும், பெயருக்கு முன்னால் "கொழுந்து பறிப்பவரின் மகள்" என்று மறவாமல் சேர்த்தும் ஒரு பெட்டிச் செய்தி போட்டீர்கள். என் அம்மா கொழுந்து பறித்தவர்தான்; அதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் கொழும்பு விரிவுரையாளர் ஒருவரின் தாயார் என்ன தொழில் செய்தார் என்பதைத் தங்கள் பத்திரிகையில் நான் இதுவரை வாசித்ததில்லை.

இம்முறை பெயரையே விட்டுவிட்டீர்கள். அது கருணை என்று எடுத்துக்கொள்ள விரும்பினாலும், தலவாக்கலையில் சில்லுப் பலகையை ஆராய்ந்தவர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் இரண்டு வீட்டார் மணவறை சோடிக்க என்ன கேட்பீர்கள் என்று விசாரித்துவிட்டார்கள்.

ஆகவே அடுத்த ஞாயிறு இதழில், வாசகர் கண்ணுக்குப் படக்கூடிய ஒரு மூலையில், "அலங்காரக் கலை விரிவுரையாளர்" என்பதை "வடிவமைப்பு விரிவுரையாளர்" என்று திருத்தி வாசிக்கவும் என ஒரே ஒரு வரி வெளியிட வேண்டுகிறேன். வேடிக்கை பார்த்தேன் என்பதைத் திருத்த வேண்டாம். பெயரும் வேண்டாம், தாங்கள் விட்ட பெயரை நானும் விட்டே கையொப்பமிடுகிறேன்.

இவ்வண்ணம்,
வடிவமைப்பு விரிவுரையாளர்,
தலவாக்கலை.