ஆண்டறிக்கை 2024–2025: பாட்டையா இல்லாத முதல் பதனீர்ப் பருவம்

சங்கத் தலைவர் அவர்களுக்கும், பனையேறிப் பெரியவர்களுக்கும், கருப்பட்டி காய்ச்சும் தாய்மார்களுக்கும், இந்த ஆண்டு தொழில் பழகவந்த தம்பிமார்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக வரவு செலவில் தொடங்குவோம். இம்முறை அப்படித் தொடங்க மனம் வரவில்லை. நம் செம்மணல் தேரிக்காட்டுப் பனைவிளைகளில் அறுபது ஆண்டுக்கு மேல் பனையேறிய பாட்டையா மார்கழியில் காலமானார். பதனீர் தரும் பூங்குலையான பாளை, பருவத்தில் முதலாவதாக வெளிவர ஒரு மாதம்கூட இல்லை.

அவருடைய தளவாடங்களைப் பேரன்மார் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பாளை அருவாள் இரண்டு, ஆண்பாளைக்கும் பெண்பாளைக்கும் அவற்றை நசுக்கத் தனித்தனிக் கடிப்பு, அருவாள் தீட்டும் தீட்டுத்தடி, அதற்கு வெள்ளைக்கல் பொடி, அருவாப்பெட்டி, மரம் ஏறத் துணையாகும் முருக்குத்தடி. தீட்டுத்தடியின் நடுப்பகுதி தேய்ந்து தேய்ந்து தோணிபோல் குழிந்திருக்கிறது. ஏறும்போது காலில் மாட்டும் தளைநார் மட்டும் இல்லை. பருவம் முடிந்ததும் பழைய நாரை அவரே அறுத்து அடுப்பில் போட்டுவிடுவார். நைந்த நார் கண்ணில் பட்டால் அவசரத்துக்குக் கை அதைத்தான் எடுக்கும் என்பார்.

அவருடைய தொழில்முறையை இந்த அறிக்கையிலேயே எழுதி வைக்கச் செயற்குழு முடிவு செய்தது. அதைக் கீழே தருகிறேன்.

ஆண்பனை தை, மாசியில் முந்தும். பெண்பனை பின்னால் வரும். பாளை இளசாக இருக்கும்போதே நாரால் சுற்றிக் கட்டி, கடிப்பால் அடியிலிருந்து நுனிவரை இதமாக நசுக்க வேண்டும். ஒரே நாளில் அழுத்தி முடித்தால் பாளை கன்றிக் கருகும். நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள் என்பது பாட்டையா கணக்கு. பிறகு நுனியைச் சீவி வந்தால் சில நாளில் சொட்டு விழும். அதன்பின் காலையும் மாலையும் தாள் கனத்துக்கு ஒரு சீவல். தடித்துச் சீவினால் பாளை பாதிப் பருவத்திலேயே தீர்ந்துவிடும். ஒரு நாள் விட்டாலோ வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பழையபடி சுரக்க வைப்பது பெரும்பாடு.

இதனால்தான் பருவத்தில் பனையேறிக்கு ஓய்வுநாள் கிடையாது. பங்குனி உத்திரத்தன்றுகூட இருட்டோடு எழுந்து எல்லா மரமும் ஏறி இறங்கியபிறகுதான் பாட்டையா சாஸ்தா கோயிலுக்குப் புறப்படுவார். பருவத்தின் முதல் கருப்பட்டி ஓலைக்கொட்டானில் கூடவே போகும், பொங்கல் அதில்தான். சாமி கும்பிட்டுவிட்டு மாலை ஏற்றத்துக்கு விளைக்குத் திரும்பிவிடுவார்.

புதியவர்கள் அதிகம் தவறுவது சுண்ணாம்பில். பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்புப் பூச்சு குறைந்தால் வெயில் ஏற ஏறப் பதனீர் புளித்துக் கள்ளாகத் திரும்பும். புளித்ததை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் இறுகாது, பாகாகவே நிற்கும். இறுகுவதற்கு வேண்டிய இனிப்பு அதற்குள் உடைந்துபோயிருக்கும். பூச்சு கூடினால் நாக்கைச் சுடும், கருப்பட்டியும் கறுக்கும். கழுவாத கலயத்துக்கு எவ்வளவு பூசினாலும் போதாது, பழைய புளிப்பு அதன் சுவரிலேயே இருக்கும். பாட்டையா ஒவ்வொரு முறையும் கழுவி, பூசி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தபிறகே கட்டுவார்.

பாட்டையா இறக்கியதைக் காய்ச்சியது அவர் வீட்டு ஆச்சி. ஏறினவரைப் புகழ்ந்துவிட்டு காய்ச்சும் பாத்திரமான வட்டையின் முன் வெந்தவரை விட்டுவிடுவது நம் கூட்டங்களின் பழைய குறை. பன்னாடையில் வடித்த பதனீர் பொங்கும்போது தட்டிய ஆமணக்கு முத்து இரண்டொன்று போட்டால் நுரை அடங்கும். பாகு கெட்டிப்படும் கூப்பனிப் பக்குவம் வந்ததும் ஓலைத் தீ ஆகாது, குப்பென்று எழும்பி அடிபிடிக்க வைத்துவிடும். கட்டைத் தணலே நல்லது. பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருள வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. இறக்கி, துடுப்பால் ஓரத்தில் தேய்த்துக் கிண்டி, மினுமினுப்பு மங்கியதும் நனைத்த சிரட்டையில் ஊற்ற வேண்டும். பத்து லிட்டருக்கு ஒன்றேகால் கிலோ நின்றால் நல்ல மரம், நல்ல கை. ஐப்பசி ஈரத்தில் இளகாமலிருக்க அடுப்புக்கு மேலே பரணில், புகை படும்படி வைக்க வேண்டும்.

சீனி கலந்த சரக்கு இந்த ஆண்டும் சந்தையில் நம் விலையை இறக்கியது. பாட்டையா வீட்டார் கருப்பட்டி காய்ச்சிய குடிசையான விடிலியில் ஒரு பிடி சீனி வட்டையில் விழுந்ததில்லை. விலை கிடைக்காத ஆண்டுகளிலும் அப்படித்தான். சீனி கலக்கும் உறுப்பினரின் சரக்கைச் சங்கத்தின் மூலம் விற்பதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

காய்ந்த மட்டையைப் பிடித்ததில் உறுப்பினர் ஒருவர் விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். மட்டையைத் தட்டிப் பார்க்காமல் பிடிக்காதீர்கள் தம்பிமார்களே, மழைத் தூறலில் மரம் தொடாதீர்கள். 2006இல் அமைந்த பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருந்ததால் உதவிக்கு மனுக் கொடுக்க முடிந்தது. பதிவைப் புதுப்பிக்காதவர்கள் இந்த மாதமே புதுப்பிக்க வேண்டும்.

புரட்டாசியில் குளத்தங்கரையில் பனங்கொட்டை ஊன்றினோம். ஒரு சாண் ஆழம், பத்தடிக்கு ஒன்று. முளை வெளியே வந்தபிறகு கொட்டையைத் தூக்கினால் முளை ஒடியும், அதனால் அவிழுமுன் ஊன்றிவிட வேண்டும். கரையில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கி எடுத்துக் கொடுத்தவர் பாட்டையாதான். பதனீர் தரப் பதினைந்து இருபது ஆண்டு ஆகும் மரத்துக்குச் சொத்தைக் கொட்டை ஒன்றுகூடப் போய்விடக் கூடாதென்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மாசியில் காய்ந்த புல்லுக்கு யாரோ வைத்த தீயில் ஒரு வரிசை கருகிவிட்டது. வரும் ஆண்டு வடமழை நின்றதும் கன்றுகளைச் சுற்றி இரண்டடிக்குப் புல் செதுக்க ஆள்முறை வைத்திருக்கிறோம்.

அருவாள் இரண்டையும் சங்க அறையில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நம் உப்புக்காற்றில் தீட்டாத அருவாள் துருப்பிடித்துவிடும். ஆகவே பழகவந்த தம்பிமாரில் இருவரிடம் கொடுத்தோம். ஆடி வரை அவற்றால்தான் பாளை சீவினார்கள். தளைநாரை மட்டும் அவரவரே புதிதாக அடித்துக்கொண்டார்கள்.

பொருளாளர் அடுத்து வாசிக்கும் வரவு செலவுக் கணக்கோடு இவ்வறிக்கையையும் ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்