ஞாயிறு மாலை கூட்டம்: வளர்ப்புக் குடும்பத்திலும் காப்பகத்திலும் வளரும் பிள்ளைகளுக்காக

அனைவருக்கும் வணக்கம்.

பெற்றோரைப் பிரிந்து வளரும் பிள்ளைகள் சிலர் நம் பிள்ளைகளோடுதான் படிக்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்று பேச, வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குப் பள்ளியில் கூடுகிறோம்.

இன்றிலிருந்தே கவனிக்க வேண்டியவை:

1. எந்தப் பிள்ளையின் பெயரும் குடும்பக் கதையும் நம் பெற்றோர் குழுவில் வேண்டாம். சிற்றூரில் ஒருவர் சொன்னது மறுநாளே எல்லார் காதுக்கும் போய்விடும். பிள்ளை தலைகாட்ட முடியாது. அந்தரங்கம் குழந்தைக்கும் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-லேயே சொல்லிவிட்டது.
2. விழாப் படங்களைப் பகிராதீர்கள். இருக்கும் இடம் வெளியே தெரிவது சில பிள்ளைகளுக்கு ஆபத்து.
3. "உன் அப்பா அம்மா எங்கே?" என்று கேட்காதீர்கள்.
4. பிறந்தநாளுக்கும் விளையாட்டுக்கும் அவர்களையும் அழையுங்கள்.
5. வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். ஆலோசகரும் பயிற்சி வகுப்பும் தொலைவில் இருப்பதால், பேருந்து இல்லாததாலேயே அவர்களுக்குப் பல வாய்ப்புகள் நழுவுகின்றன. பிள்ளையை வண்டியில் அழைத்துப் போகப் பாதுகாவலரின் ஒப்புதல் கட்டாயம்.

ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இவர்களில் பலர் வீடும் பள்ளியும் மாறி மாறி வந்தவர்கள். சட்டென்று கோபப்படுவது, சாப்பாட்டை ஒளித்துவைப்பது, யாரிடமும் ஒட்டாமல் இருப்பது எல்லாம் திமிர் அல்ல, பயம். சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வரும் ஒரு பெரியவர் அவர்களுக்குப் பெரிய பலம். ஆகவே, தொடர்ந்து வர முடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பாதியில் விட்டுப் போவது அவர்களுக்கு இன்னொரு பிரிவு.

வருவீர்களா, வண்டி உண்டா என்று வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். அப்புறம், ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரிடம் உடனே சொல்லுங்கள்.