யார் உட்காருகிறார் என்பதும் தீர்ப்பில் சேர்த்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உச்ச நீதிமன்றத்தின் நடுநிலை பற்றிப் பேச்சு வந்தால், “நீதிபதி நேர்மையானவர்தானே, அப்புறம் என்ன?” என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சட்டம் கேட்பது வேறு. விவரம் தெரிந்த, பதற்றப்படாத ஒருவர் வெளியே நின்று பார்த்தால் நியாயமான சந்தேகம் எழுமா? சிங்கப்பூரின் உச்சமட்ட நீதிமன்றமான நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018ல் உறுதிசெய்த அளவுகோல் இதுதான். நீதிபதியின் மனம் உண்மையிலேயே சாய்ந்ததா என்பதை நிரூபிக்கத் தேவையில்லை.

சிலி நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேயின் வழக்கைப் பாருங்கள். 1998 நவம்பரில் அப்போது பிரிட்டனின் உச்சமட்ட நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, முன்னாள் அதிபர் என்பதற்காக அவருக்குக் கைதிலிருந்து சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 3க்கு 2 எனத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைப் பக்கம் இருந்த ஹாஃப்மன் பிரபு, அந்த வழக்கில் இடையிட்டு வாதாடிய ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் அறநிறுவனம் ஒன்றுக்குத் தலைவர். விசாரணைக்கு முன் பினோசே தரப்புக்கு அது தெரிவிக்கப்படவில்லை. அவர் பாரபட்சம் காட்டினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் அடுத்த மாதமே சபை தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. ஏழு பேர் அமர்ந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. முதல் நாளே சொல்லியிருந்தால் வேறொருவர் அமர்ந்திருப்பார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சிக்கல் இன்னும் ஆழம். ஒன்பது பேரும் சேர்ந்து அமரும் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒருவர் விலகினால் அவர் இடத்துக்கு ஆள் கிடையாது. நாலுக்கு நாலு என்று பிரிந்தால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பே நிற்கும். விலகுவதற்குத் தயக்கம் வர இதுவே போதும். 2023 நவம்பரில்தான் நடத்தை விதிகளை எழுதி வெளியிட்டார்கள். மீறினால் கேட்பதற்கு அமைப்பு எதையும் அதில் வைக்கவில்லை.

இங்கே நம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்வது வழக்கமாக மூவர், பெரிய வழக்கென்றால் ஐவர். ஒருவர் விலகினால் இன்னொருவரை அமர்த்தலாம். ஆனால் 1994 ஏப்ரலில் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கான முறையீடு ஒழிந்தபின், மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மேலே யாருமில்லை. ஆகவே சந்தேகத்தை விசாரணைக்கு முன்பே தீர்த்துவிட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் தெரிந்த உடனே எழுப்புங்கள். தீர்ப்பு எப்படி வருகிறதென்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் எனக் காத்திருந்தால், உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே கருதப்படும். முந்தைய மனுவில் தோற்றதும், நீதிபதி கறாராகக் கேள்வி கேட்டதும் காரணமாகா. எதிர்த்தரப்பு வக்கீல்போல நீதிபதியே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இறங்கினால் அது வேறு.

நீதிபதி விலகினாலும் விலக மறுத்தாலும் நான்கு வரியாவது காரணம் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊகங்கள் வளர்வது காரணம் இல்லாத இடத்தில்தான்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை. தீர்ப்புச் செய்தி போடும்போது யார் வென்றார் என்பதோடு, அமர்ந்த நீதிபதிகளின் பெயர்களையும் தீர்ப்பு எண்ணையும் கடைசி வரியில் சேருங்கள். மேலே சொன்ன தீர்ப்பின் எண் [2018] SGCA 61 (எஸ்ஜிசிஏ என்பது நம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் குறியீடு). அதை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினால் முழுத் தீர்ப்பையும் எவரும் படிக்கலாம்.

வாசகர்,
தோ பாயோ